ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு கல்

"பெட்டி ஆடுதும்மா, எதையாச்சும் முட்டுக் குடுங்க" என்றான் ஐஸ் பெட்டிக்காரன்.

பூங்குழலி சுற்றுமுற்றும் பார்த்தாள். செங்கல் துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை. வாசற்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அம்மா வைத்திருந்த கல்தான் கண்ணில் பட்டது. ஆட்டுக்கடாவின் கொம்பை இறுக்கிச் சுருட்டி வைத்தாற்போல வரிவரியாக இருக்கும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் தூக்க முடியும். தூக்கி வந்து பெட்டியின் இடது காலுக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது. கண்ணாடிக்குள்ளே ஆண்டாயி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு, கூலிக்கு ஆள் கூப்பிடக் காத்திருப்பவள்போலப் படுத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தவள், காபி கொதிப்பதற்குள் போய்விட்டாள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் முப்பது வருஷம் கல் உடைத்த நெஞ்சு. அறுபத்தெட்டு வரைக்கும் வந்ததே பெரிய காரியம்.

முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. யாரோ எழுந்து போய்த் திறந்துவிட்டார்கள்.

பூங்குழலிக்கு அன்று காலையிலிருந்தே சண்டை வாசலில் கட்டியிருந்த பிளக்ஸோடு. தம்பி கலையரசன் செந்துறையில் அவசர அவசரமாக அடித்துக்கொண்டு வந்தது. நடுவில் அம்மா படம். கீழே, 'டாக்டர் கவியா, எம்.எஸ்ஸி., பிஎச்.டி., விஞ்ஞானி, சென்னை.' அதற்கும் கீழே, எழுத்து பாதியாகச் சிறுத்து, 'பூங்குழலி'. தங்கை கவியாவுக்கு மூத்தவள் அவள். எம்.எஸ்ஸி. அவளும் படித்திருக்கிறாள், அதே ஜியாலஜி, அதே கல்லூரி, அங்கே முதல் மார்க்கும் அவள்தான்.

"ஏண்டா, நான் என்ன எட்டாங்கிளாஸ் பெயிலா?"

"எடம் பத்தலக்கா. கடைக்காரன் இவ்ளோதான் வரும்னுட்டான்."

"கிளைச் செயலாளர் போட்டோவுக்கு மட்டும் எடம் பத்திச்சா?"

"சாவு வூட்ல வந்து மார்க்கு சீட்ட எடுக்கறியேக்கா" என்று தலையைச் சொறிந்துகொண்டே அவன் பந்தல் பக்கம் நழுவினான்.

எதிர்வீட்டு ரத்தினம்மாள், தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசனை வருமுன்னே சொல்லிவிடுகிறவள், "சின்னவ எப்படி வரா, ரயிலா பஸ்ஸா?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்டாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே கேள்விதான். எட்டு மாதமாக அம்மாவை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி, இறக்கி, மாத்திரைச் சீட்டைத் தேடி அலைந்தவள் எப்போது வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. இருக்கிறவளை யார் விசாரிப்பார்கள்?

ஒன்பதரை மணிக்குக் கவியா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை. அவ்வளவுதான், ஓய்ந்து வெற்றிலை போட ஆரம்பித்திருந்த ஒப்பாரி திடீரென்று ஒரு கட்டை ஏறிற்று. ஆண்டாயி செத்ததற்கு அழுததைவிடக் கவியா வந்ததற்கு அழுதது பலமாக இருந்தது.

"சயிண்டிஸ்டு மவள கண்ணால பாக்காமப் போயிட்டியே என்னப் பெத்தவளே!"

என்னைப் பார்த்துக்கொண்டேதானே போனாள், அதைப் பாட்டில் சேர்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள் பூங்குழலி. கவியா ஓடிவந்து "யக்கா..." என்று கட்டிக்கொண்டபோது அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டுதான் வந்தது. அழுகைக்கு நடுவே, தங்கையின் சுடிதார் துணி மீட்டர் என்ன விலை இருக்கும் என்ற கணக்கும் மண்டையின் ஒரு மூலையில் ஓடாமலில்லை.

இந்த எரிச்சலுக்கு வயது பதினான்கு. பூங்குழலி ஆராய்ச்சி மாணவியாகச் சேர இன்டர்வியூவுக்குப் போன வருஷம் அது. பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தி மார்க் பட்டியலைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், பிறகு வயிற்றையும் பார்த்தார். நாலு மாசம். "பீல்டு ஒர்க் இருக்கும்மா. வெயில்ல, மேட்டுல பள்ளத்துல அலையணும், கல்லு தூக்கணும். உங்களுக்குச் சிரமம். கொழந்தை பொறந்து வளரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். குரலில் கனிவுகூட இருந்தது. ஒன்பது வயதில் லீவு நாளெல்லாம் குவாரியில் ஜல்லிக்கூடை சுமந்தவளிடம் கல் தூக்குவது சிரமம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

ஏழு வருஷம் கழித்து அதே துறையில், அதே கிருஷ்ணமூர்த்தியிடம், கவியாவுக்கு இடம் கிடைத்தது. இடையில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கட்டம் போட்டுக் கேட்டிருந்தார்கள். இரண்டு கட்டத்துக்கும் கவியா ஒருத்தியே போதுமாயிருந்தாள். பூங்குழலி அதற்குள் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் சாம்பிள் பொடிக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். "எம் பெரியவ கல்லப் பொடிக்கிறா, சின்னவ கல்லப் படிக்கிறா" என்று ஆண்டாயி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கிழவி பெருமையாகத்தான் சொன்னாள். பூங்குழலிக்கு அந்தச் சிரிப்பு கண்ணில் சுண்ணாம்புத் தூசியாக விழும்.

அப்புறம் இந்தப் பொங்கலுக்கு வந்தது கல் விவகாரம். கதவுக் கல்லைக் கவியா அதுவரை ஆயிரம் தடவை தாண்டியிருப்பாள். அன்று குனிந்தவள் நிமிரவில்லை. அளந்தாள், படம் எடுத்தாள், சென்னைக்கு அனுப்பினாள். கடலாயிருந்த காலத்து உயிராம், இந்த வகை இதுவரைக்கும் யார் கையிலும் அகப்படவில்லையாம்.

"இத எடுத்துட்டுப் போறம்மா."

"எடுத்துட்டுப் போயி?"

"இதப் பத்தி எழுதுவோம். ஒலகமே படிக்கும்."

"யாரு கண்டெடுத்தான்னு அதுல எழுதுவியா?"

"எழுதலாம்மா."

"எழுதலாம்னா? ஆண்டாயி கண்டெடுத்தான்னு எழுதி, அந்தத் தாள எங்கிட்ட காட்டு. காட்டிட்டுக் கல்லத் தூக்கிட்டுப் போ."

"ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று பூங்குழலி குறுக்கே போட்டாள்.

"நீ படிச்சிச் சொல்லு. வேற எதுக்கு ஒன்ன படிக்க வெச்சேன்?"

அந்தத் தாள் வரவேயில்லை. கல் கதவோரத்திலேயே கிடந்தது.

பதினொரு மணிக்குத் தெருமுனையில் வெள்ளைக் கார் நின்றது. ரத்தினம்மாள் எட்டிப்பார்த்து, "ஆபீசருங்களாட்டம் தெரியுது, சேர் போடுங்கடி" என்றாள். வந்தது கிருஷ்ணமூர்த்தி. தலை நரைத்துவிட்டது, கனிவு அப்படியே இருந்தது. கூடவே மாலையைச் சுமந்துகொண்டு பிரேம் என்ற ஓர் இளைஞன். கவியாவுக்கு மூன்று வருஷம் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். முட்டிவரை செம்மண் அப்பியிருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் இரண்டு நாளாக பீல்டில் இருந்தார்களாம், கேள்விப்பட்டு அப்படியே வந்தார்களாம்.

"நீ பீல்டுக்குப் போவலயா?" என்று பூங்குழலி தங்கையின் காதில் கேட்டாள். "நம்ம ஊருப் பக்கமில்ல அது?"

"லேப்ல வேல இருக்கு, நீ இருந்துக்கன்னாங்க" என்றாள் கவியா, தரையைப் பார்த்து.

கிருஷ்ணமூர்த்தி மாலையைப் பெட்டிமேல் வைத்தார். கை குவித்து, தலை குனிந்து, ஒரு நிமிஷம் நின்றார். மாலையின் ஒரு நுனி சரிந்து பெட்டியின் இடது காலுக்கு அடியிலிருந்த கல்லின் மேல் விழுந்தது. அவருடைய செருப்பு நுனிக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. உலகம் பூராவும் கல் தெரிந்தவர் என்று பெயர். பூங்குழலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீ கொடுத்தது பூங்குழலிதான். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். பிரேம் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றினான். பேராசிரியர் பக்கத்திலிருந்த கட்டைச் சுவரில் பத்திரமாக வைத்துவிட்டு, காரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"கவியா எங்க டிபார்ட்மென்டுக்கே பெருமைம்மா. இந்தப் பக்கத்துலேருந்து, இப்படி ஒரு கஷ்டமான சூழ்நிலையிலேருந்து வந்த முதல் பொண்ணு" என்றார். பிறகு, மரியாதைக்கு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. ஜியாலஜி சார்."

"அடடே! நீங்களும் ரிசர்ச்சுக்கு அப்ளை பண்ணியிருக்கலாமே?"

"பண்ணேன் சார்."

"எங்க?"

"ஒங்ககிட்டதான் சார். எனக்கு அப்ப நாலு மாசம்."

பிரேம் சட்டென்று டீயைக் குடித்துவிட்டான். கிருஷ்ணமூர்த்தி பாட்டிலின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "அப்ப ரூல்ஸ் வேற மாதிரி இருந்துச்சும்மா" என்றார் கடைசியில். அவளுடைய முகம் அவருக்கு ஞாபகம் வந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் கவியாவை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அங்கே பேசுவது நன்றாகக் கேட்கும். பூங்குழலி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். பத்தாம் தேதிக்குள்ள ஸ்பெசிமன் மியூசியத்துல இருந்தாகணும். நம்பர் வாங்காம ஜர்னல்ல எடுத்துக்க மாட்டான். எடுத்துக் குடுத்துட்டன்னா நாங்க இப்பவே கார்ல வெச்சு கொண்டுபோயிடுவோம்."

கவியா வேகமாக வந்தாள். "யக்கா, கதவுக்கல்லு எங்க?"

"யாரு கண்டா? காலையிலேருந்து நூறு பேரு வந்து போறாங்க. எவனாச்சும் காலால தள்ளியிருப்பான்."

"நெசமாத் தெரியாதா?"

"அம்மாவத் தேடுவேன்னு பாத்தா நீ கல்லத் தேடுற."

கவியாவின் உதடு கோணிற்று. "அந்தப் பேப்பர் வரலன்னா என் காண்ட்ராக்ட்டு மார்ச்சோட முடியுதுக்கா."

"காண்ட்ராக்ட்டா? நீ பர்மனென்ட் இல்லயா?"

கவியா கொல்லைப்பக்கம் தேடப் போய்விட்டாள். பூங்குழலி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. டாக்டர், விஞ்ஞானி, சென்னை! பிளக்ஸில் 'ஒப்பந்தம்' என்று போடவும் இடம் பத்தியிருக்காதுதான்.

லேப்டாப் பை அரைவாசி ஜிப் திறந்தபடி உள் அறையில் கிடந்தது. மீதி அரைவாசியைப் பூங்குழலி திறந்தாள். உள்ளே நாலைந்து தாள் பின் அடித்து இருந்தது. கல்லின் படம், நாலு கோணத்தில். கதவு மூலையில் நாய் படுத்த தூசியோடு கிடந்த கல்லா இது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மேலே பெயர்கள். முதலில் பிரேம். அப்புறம் இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள். நான்காவது கவியா. கடைசியில் கிருஷ்ணமூர்த்தி.

நான்காவது! கண்டுபிடித்தவள் நான்காவது, நேற்று வந்தவன் முதலாவது. பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீடு என்பதால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினான்கு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அம்மா சொன்னபடி படித்துச் சொல்லலாம் என்று பக்கத்தைப் புரட்டினாள். இங்கிலீஷ் துருப்பிடித்திருந்தாலும் ஓடியது. 'இந்தப் புதைபடிவம், அரியலூர் அருகே சுரங்கக் கழிவில், உள்ளூர்த் தொழிலாளி ஒருவரால் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது.'

தற்செயலாகவா? வெடி வைத்துச் சரிந்த குவியலில் அம்மா அதைப் பார்த்த அன்று பூங்குழலி பக்கத்தில் கூடையோடு நின்றாள். மேஸ்திரி கண்டால் கிரஷரில் போட்டுவிடுவான் என்று எட்டு நாள் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்து, ஒன்பதாம் நாள், சோத்துச் சட்டிக்கு அடியில் வைத்து நாலு மைல் சுமந்து வந்தது. பாதி தூரம் அம்மா தலையில், பாதி தூரம் பூங்குழலி தலையில். ஏன் இந்தக் கல் என்று கேட்டதற்கு, "மத்ததெல்லாம் ஒடஞ்சி கெடக்குது, இது என்னமோ செஞ்சி வெச்ச மாதிரி இருக்குல்ல" என்றாள் அம்மா.

அந்த வரிக்குப் பக்கத்தில், மார்ஜினில், நீல மையில் ஓர் அம்புக்குறி. கவியாவின் கையெழுத்தில் ஆண்டாயி என்று பெயர், ஊர், எல்லாம் முழுசாக. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. 'தேவையில்லை.' அடுத்த பக்கத்தில் மறுபடி நீல மையில் ஆண்டாயி. மறுபடி சிவப்புக் கோடு. இந்தத் தடவை காரணம்கூட எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில், யார் யாருக்கோ நன்றி சொல்கிற இடத்தில், மிகச் சின்ன எழுத்தில், இடித்துக்கொண்டு ஒரு மூலையில் ஆண்டாயி. அதன்மேலும் கோடு விழுந்திருந்தது.

குளுகுளு என்று இறங்கியது நெஞ்சுக்குழியில் அப்படியே உறைந்து நின்றது. தாளை மடிப்பு மாறாமல் உள்ளே வைத்தாள். ஜிப்பை அரைவாசி மட்டும் மூடினாள்.

"தண்ணி ஊத்தணும், பொம்பளைங்க வாங்கடி" என்று ரத்தினம்மாள் குரல் கொடுத்தாள்.

பெட்டிக்காரன் வந்து ஒயரைச் சுருட்டினான். அம்மாவை வெளியே தூக்கிக் கிடத்தியதும் பெட்டியை நகர்த்தினார்கள். தரையில் கல் மட்டும் நின்றது, மேலே இரண்டு சாமந்தி இதழ்களோடு. கொல்லையிலிருந்து வந்த கவியாவும் அதைப் பார்த்தாள். வாசல் நாற்காலியில் கிருஷ்ணமூர்த்தி போனில் பேசிக்கொண்டிருந்தார், எட்டடி தூரம். ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

பூங்குழலி குனிந்து கல்லை எடுத்தாள். பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. கொடுக்காமல் இருப்பது அம்மாவுக்காகவா, அந்த நான்காவது இடமும் இவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவா என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை.

கொல்லையில் நாலு பெண்கள் நாலு மூலையிலும் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஒரு மூலை கவியாவின் கையில். தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடிச் சேலையைச் சுற்றினார்கள். மூத்த மகள் மடி கட்ட வேண்டும். பூங்குழலி வெற்றிலை வைத்தாள், பாக்கு வைத்தாள், ஒரு பிடி அரிசி வைத்தாள். பிறகு கல்லை வைத்தாள்.

"ஏண்டி பூவு, அது கதவுக்கல்லுல்ல?" என்றாள் ரத்தினம்மாள்.

"அம்மாவுக்குப் புடிச்சது."

"புடிச்சத வெக்கிறதுதான மொறை. எம் மாமியாருக்கு ரேடியோவயே வெச்சுப் பொதச்சோம்" என்று சொல்லிவிட்டு ரத்தினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறைப்பின் ஒரு மூலை தாழ்ந்தது. கவியா தன் கையிலிருந்த சேலை முனையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். பூங்குழலி இரண்டு கையாலும் அம்மாவின் மடியைப் பொத்திக்கொண்டாள். பிடுங்கினால் கடித்துவிடுவது என்றே இருந்தாள்.

கவியா மண்டியிட்டாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பூங்குழலி பதற்றத்தில் போட்ட முடிச்சு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து, சேலை நுனியை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் நுழைத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். பீல்டில் சாம்பிள் பையைக் கட்டுகிற முடிச்சு அது. அவிழாது.

எழுந்தபோது அவள்தான் முதலில் உடைந்து அழுதாள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று பூங்குழலிக்குத் தோன்றிற்று. பிறகு அவளும் அழுதாள்.

வாய்க்கரிசி போட்டு முடித்து, பாடையைத் தூக்கினார்கள். முன்னால் கலையரசன் கொள்ளிச் சட்டியோடு போனான்.

"என்னடா இது, கெழவி ஒடம்புல எலும்புதான இருந்துச்சு, இந்தக் கனம் கனக்குது!"

"ஒருபக்கமா சாயுது பாரு. எடப்பக்கம் ஏத்திப் புடிடா."

கிருஷ்ணமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து, கை குவித்து வழிவிட்டு நின்றார். பாடை அவருடைய தோளை உரசிக்கொண்டு போயிற்று. பிறகு கவியாவிடம் வந்து, "கெடைச்சுதாம்மா?" என்றார் மெதுவாக.

"இல்ல சார்."

"சரி, நல்லா தேடிப் பாரு. திங்கக்கெழம வரும்போது கொண்டுவந்துடு."

கார் கிளம்பியது. பெண்கள் தெருமுனைவரை போய் நின்றார்கள். அதற்கு மேல் ஆண்கள் மட்டும். சவுக்குத்தோப்பு வளைவில் தூக்கியவர்கள் பாடையை இறக்காமல் தோள் மாற்றுவது தெரிந்தது. மறுபடியும் இடது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறைந்தது.

திரும்பி வந்தபோது பந்தலில் யாரும் இல்லை. கட்டைச் சுவரில் பேராசிரியரின் டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. பூங்குழலி அதை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். ஒரு காற்று வீசி வாசற்கதவு படாரென்று அடித்துச் சாத்தியது. தானே திறந்து, மறுபடி அடித்தது.

கவியா உள்ளே போனாள். லேப்டாப் பையை எடுத்து வந்து கதவின் அடியில் முட்டுக்கொடுத்து வைத்தாள். அடுத்த காற்றுக்குக் கதவு அந்தப் பையையும் சேர்த்துக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. பூங்குழலி தன் காலை நீட்டி, பையோடு சேர்த்து, நிறுத்தினாள்.